பத்துக் குச்சி வைத்த ஷீல்டு: நேதாஜி ரோட்டுச் சந்துக் கடை

உசிலம்பட்டிப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி. என்னோடு இருந்த இன்னொரு டீச்சரைப் பிள்ளைகள் ‘பெரிய டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது. மே மாதக் கடைசியில் அவருக்குப் பணி நிறைவு. பிள்ளைகள் இருக்கும்போதே பாராட்டு விழாவை வைத்துவிடலாம் என்று ஏப்ரலுக்கு நாள் குறித்தோம். ஷீல்டு வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. செப்டம்பர் 5, ஆண்டு விழா, பணி நிறைவு என்று ஏதோ ஒன்றுக்காக எல்லாப் பள்ளிக்கூடத்திலும் யாராவது ஒருவர் இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று நான் போன கடையைப் பற்றி எழுதுகிறேன்.

மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி நேதாஜி ரோட்டில் நடந்தால் பிரியும் சந்துகளில் ஒன்றில், மாடியில் இருக்கிறது கடை. பலகையில் கடைப் பெயர் கிடையாது. ‘ஷீல்டு, மொமெண்டோ, ரப்பர் ஸ்டாம்ப், பாத்திரத்தில் பெயர் வெட்டித் தரப்படும்’ என்று மட்டும் இருக்கும். படி குறுகல், கைப்பிடி ஆடுகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால் போதும், அவர்களே இறங்கி வருகிறார்கள். உள்ளே உட்கார ஒரே ஒரு ஸ்டூல். கடைக்காரருக்கு அறுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். அவர் மகள் கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கிறார்.

இந்தக் கடைக்கு ஏன் போனேன் என்பதற்கு ஒரு பழைய வருத்தம் காரணம். சில வருடங்களுக்கு முன்பு, நான் முன்பு வேலை பார்த்த பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு வேறொரு கடையில் ஷீல்டு செய்தோம். விழா அன்று காலையில்தான் பார்சல் வந்தது. பிரித்துப் பார்க்க நேரமில்லை. மேடையில் கொடுத்த பிறகுதான் பார்த்தேன், ‘பணி நிறைவு’ என்று வரவேண்டிய இடத்தில் ‘பனி நிறைவு’ என்று இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு ண, ன வித்தியாசம் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். ஒரு வார்த்தை சொல்லவில்லை. போட்டோ எடுக்கும்போது ஷீல்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, கட்டை விரலை அந்த எழுத்தின் மேல் வைத்துக்கொண்டார். அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. எப்போது பார்த்தாலும் அந்த விரலைத்தான் முதலில் பார்ப்பேன்.

அதனால் இந்த முறை விசாரித்துவிட்டுத்தான் போனேன். எங்கள் குறுவள மையத்தைச் (அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் மையம்) சேர்ந்த ஒரு சார் இந்தக் கடையைச் சொன்னார். “டைம் எடுப்பாங்க, ஆனா தப்பு விடமாட்டாங்க டீச்சர்” என்றார்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை போனேன். கையில் ஒரு தாளில் வாசகம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஐந்து வரி. ‘தன்னலமற்ற சேவையால் மாணவச் செல்வங்களின் நெஞ்சங்களில் நீங்கா இடம்பெற்ற கல்விச் செம்மல்’ என்று தொடங்கும். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதியது. கடைக்காரர் வாங்கி ஒரு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை வாசித்தார்.

“நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா இதே வரிய இந்த மாசம் நாலு பேருக்குப் போட்டாச்சு. இதுல உங்க டீச்சர் எங்க இருக்காங்க?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

“அவங்க என்ன பண்ணுனாங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க” என்றார்.

ஒரே ஒரு ஸ்டூல் உள்ள கடையில் அதில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு நான் கழித்தல் கணக்குச் சொன்னேன். இங்கேயும் அதைச் சொல்கிறேன், பெரிய டீச்சர் யார் என்று தெரிய அது ஒன்று போதும்.

52-இல் 27 போக எவ்வளவு? மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் 35 என்பார்கள். மேலே 2, கீழே 7. இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 என்று போட்டுவிடுவார்கள். நாம் எல்லோரும் என்ன சொல்லிக்கொடுப்போம்? ‘பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு’. பெரிய டீச்சரும் அப்படித்தான் பல வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒரு நாள் ஒரு பெண் பிள்ளை எழுந்து, “கடன் வாங்குனா திருப்பிக் கொடுக்கணும்ல டீச்சர், எப்பக் கொடுக்கிறது?” என்று கேட்டாளாம். அந்தக் கேள்வி அவரைத் தூங்க விடவில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டில் அப்போது நிஜமாகவே கடன் தொல்லை இருந்தது என்று பிற்பாடு தெரிந்ததாம்.

அன்றோடு அந்த வார்த்தையை விட்டுவிட்டார். தென்னை ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாகச் சிவப்பு நூலில் கட்டினார். 52 என்றால் ஐந்து கட்டு, உதிரி இரண்டு. ஏழு குச்சி எடுக்க வேண்டும், உதிரியில் இரண்டுதான் இருக்கிறது. என்ன செய்யலாம்? ‘கட்டைப் பிரி.’ ஒரு கட்டைப் பிரித்தால் கட்டு நான்காகும், உதிரி பன்னிரண்டாகும். ஏழு எடுத்தால் ஐந்து மிச்சம். இரண்டு கட்டு எடுத்தால் இரண்டு கட்டு மிச்சம். 25. யாரிடமும் யாரும் கடன் வாங்கவில்லை, எல்லாம் நம்மிடமே இருந்ததுதான். பிள்ளைகள் நூலை அவிழ்க்கும்போது பார்க்க வேண்டும். அந்த முடிச்சு அவிழும்போதுதான் கணக்குப் புரியும். அதனால் முடிச்சைத் தளர்வாகப் போடச் சொல்வார், ஒரு இழுப்பில் வரவேண்டும். ரப்பர் பேண்டு போடலாமே என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, “ரப்பரைக் கழட்டுனா சுருங்கிக்கும். நூல் அவிழ்ந்து கிடந்தாத்தான் ‘இங்க ஒரு கட்டு இருந்துச்சு’ன்னு பிள்ளைக்குத் தெரியும்” என்றார்.

குறுவள மையக் கூட்டத்தில் ஒருமுறை இதைச் செய்து காட்டினார். ஆசிரியர் பயிற்றுநர் கேட்டுக்கொண்டதால் அடுத்த கூட்டத்திலும் காட்டினார். இப்போது எங்கள் மையத்தின் பதினொரு பள்ளிகளிலும் கழித்தலுக்குப் பேர் ‘கட்டுப் பிரிக்கிறது’தான். எனக்குக் கிடைத்த பயிற்சிகளில் இது மறக்காதது. கொரோனா காலத்தில் ஆசிரியர்களுக்கான நிஷ்தா பயிற்சியின் பதினெட்டுத் தொகுப்புகளையும் திக்ஷா இணையதளத்தில் முடித்தேன். அவற்றில் படித்த சிலது இன்றும் வகுப்பில் கைகொடுக்கிறது. சான்றிதழ்கள் போனில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் பக்கத்து வகுப்பு டீச்சர் தன் கையால் ஒன்றைச் செய்து காட்டி, நான் தப்பாகச் செய்ததும் என் கையைப் பிடித்துத் திருத்தியது இருக்கிறதே, அது வேறு. அப்படிச் சொல்லித்தருபவர்களுக்கு யார் சான்றிதழ் தருகிறார்கள்?

கடைக்காரரும் இதைத்தான் வேறு மாதிரிக் கேட்டார். “நல்லாசிரியர் விருது வாங்கினவங்களா?”

இல்லை. மாநில விருதான டாக்டர் ராதாகிருஷ்ணன் விருதில் பத்தாயிரம் ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் பாராட்டுச் சான்றிதழும் உண்டு. 1958 முதல் கொடுக்கப்படும் தேசிய விருதில் ஐம்பதாயிரம் ரூபாய். தேசிய விருதுக்கு 2018 முதல் ஆசிரியர்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நானே பூர்த்தி செய்து தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். “நான் நல்லாச் சொல்லிக்கொடுக்கிறேன்னு நானே எப்படிம்மா எழுதுறது?” என்பார். விருது வாங்கியவர்களில் பலரை எனக்குத் தெரியும். தகுதியானவர்கள், அவர்கள் பெயரால் பள்ளிக்கு நல்லது நடந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடக் கூச்சப்படும் ஆட்கள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஒரு பொன்னாடையும் இந்த ஷீல்டும்தான். அப்படியிருக்க அந்த ஷீல்டு ஏனோதானோ என்று இருக்கலாமா?

சரி, கடைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் என் தாளைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் ஒரு வரி எழுதினார். நான் இரண்டு வார்த்தை மாற்றினேன். கடைசியில் நின்றது இது:

‘கடன் வாங்காமல் கழிக்கக் கற்றுத்தந்த எங்கள் பெரிய டீச்சருக்கு’

அதன் கீழே அவர் பெயர், அதற்கும் கீழே ‘11 பள்ளிகளின் ஆசிரியர்கள்’, தேதி. அவ்வளவுதான். முதல் வரி 33 எழுத்து. இந்தக் கடையில் கையால் வெட்டுவதற்கு எழுத்துக்கு 6 ரூபாய், மெய்யெழுத்துக்கும் அதே விலை. நான் கொண்டுபோன ஐந்து வரியை அப்படியே வெட்டியிருந்தால் அவருக்குக் கூலி பல மடங்கு கிடைத்திருக்கும். அதைக் குறைத்தவர் அவரேதான்.

கடையில் இரண்டு விதமாகச் செய்கிறார்கள். அக்ரிலிக் ஷீல்டு என்றால் லேசர் மெஷின், ஒரு மணி நேரத்தில் கையில் கிடைத்துவிடும், 350 ரூபாயிலிருந்து இருக்கிறது. ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குக் கொடுக்க அது போதும். துணியால் துடைத்துத் துடைத்தே கீறல் விழும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தங்க நிறத்தில் கோப்பைகளும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றின் நிறம் நிற்காது என்று அவரே சொல்லிவிடுகிறார். நான் கேட்டது இன்னொன்று, தேக்குப் பலகையில் பித்தளைத் தகடு, கையால் வெட்டியது. கடைக்காரரின் அப்பா சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயர் வெட்டியவராம். அந்த உளிகள்தான் இப்போதும் ஓடுகின்றன.

அவர் வெட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வேறு யாருக்கோ செய்துகொண்டிருந்த தகடு அது. தகட்டின் மேல் லேசாக வெள்ளைப் பூச்சு, அதில் பென்சிலால் எழுத்து. பென்சில் உயரம்கூட இல்லாத உளி, ஒரு குட்டிச் சுத்தியல். தட்டும் சத்தம் ஒரே சீராக வருகிறது. ‘ழ’ வந்தபோது கவனித்தேன். அந்தக் கீழ்ச் சுழிக்கு உளியை அவர் திருப்பவே இல்லை. இடது கையால் தகட்டைத்தான் நெல் அளவு நெல் அளவாகத் திருப்பினார். பிள்ளைகளுக்கு ‘ழ’ எழுதப் பழக்கும்போது நாங்களும் சிலேட்டைத் திருப்பாதே என்று அதட்டுவோம். இவர் தகட்டைத் திருப்பித்தான் இப்படி அழகான ‘ழ’ போடுகிறார்.

எழுத்துப் பிழை விஷயம் இதைவிட முக்கியம். ‘பனி நிறைவு’ எப்படி நடக்கிறது என்று மகளிடம் கேட்டேன். நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ் யூனிகோடு. பல கடைகளில் டிசைன் செய்யும் மென்பொருளான கோரல் டிராவின் பழைய பதிப்புதான் இருக்கிறது. அதில் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறிவிடும். அதனால் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். சீசன் நேரத்தில் நாளைக்கு நாற்பது ஷீல்டு அடிக்கும் பிள்ளைக்கு ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகத்தான் தெரியும். நாமோ சரியாகத்தானே அனுப்பினோம் என்று நிம்மதியாக இருந்துவிடுவோம்.

இங்கே என்ன செய்கிறார்கள் என்றால், முதலில் ஒரு வெள்ளைத் தாளில் அதே அளவில் அச்செடுத்துக் கையில் கொடுத்து, “சத்தமா வாசிங்க டீச்சர்” என்கிறார்கள். மனதுக்குள் வாசித்தால் ஏற்க மாட்டார்கள். நான் வாசித்தேன். “இப்ப கடைசியிலிருந்து ஒவ்வொரு வார்த்தையா வாசிங்க” என்றார் அந்தப் பெண். தலைகீழாக வாசிக்கும்போதுதான் கண் எழுத்தைப் பார்க்கும், நேராக வாசித்தால் மனசே நிரப்பிக்கொள்ளும் என்று விளக்கம் வேறு. அப்படி வாசித்தபோது தேதியில் மாதம் தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்தேன். அதுவும் நான் எழுதிக்கொடுத்ததில் இருந்த தப்பு. திருத்திய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது இந்த முறையைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன், தங்கள் கட்டுரையைத் தாங்களே திருத்த.

குச்சி யோசனையும் கடைக்காரருடையதுதான். “அந்தக் கட்டு ஒண்ணு கொண்டாங்க, ஷீல்டுலயே வச்சிருவோம்” என்றார். அடுத்த வாரம் பெரிய டீச்சருக்குத் தெரியாமல் வகுப்புப் பெட்டியிலிருந்து ஒரு கட்டு எடுத்து, உசிலம்பட்டியிலிருந்து வரும் ஒரு சார் மூலம் கொடுத்துவிட்டேன். பல வருடம் பிள்ளைகள் கை பட்டு வழவழவென்று ஆகிப்போன குச்சிகள். தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி செய்து அதில் கட்டை நிறுத்திவிடுவதாக ஏற்பாடு.

இங்கேதான் ஒரு கோளாறு. பன்னிரண்டு நாளில் தருகிறேன் என்றவர் பதினாறு நாள் ஆக்கிவிட்டார். மதியம் ஒரு மணிக்கு மேல் நாலு மணி வரை போன் எடுப்பதே இல்லை, எங்களுக்கோ பள்ளியில் பேச முடிவது மதியம்தான். விழாவுக்கு மூன்று நாள் முன்பு வாங்கப் போனபோது பார்த்தால் பெட்டிக்குள் குச்சிகள் அழகாக நிற்கின்றன. பழக்கதோஷத்தில் எண்ணினேன். ஒன்பது. இன்னொரு தடவை எண்ணினேன். ஒன்பதுதான். ஒரு குச்சி உடைந்திருக்கிறது, பார்வைக்கு ஒன்றும் தெரியாது என்று வேலை செய்த பையன் விட்டுவிட்டான். “ஒரு குச்சிதானக்கா” என்றான்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பத்து என்று சொல்லித்தான் அந்தக் கட்டு. ஒன்பது குச்சிக் கட்டைப் பெரிய டீச்சர் கையில் எப்படிக் கொடுப்பது? அவர் பார்த்ததும் எண்ணுவாரே. கடைக்காரர் பையனைத் திட்டவில்லை. என்னையும் சமாதானப்படுத்தவில்லை. கடையைப் பையனிடம் விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய், கால் மணி நேரத்தில் எங்கிருந்தோ ஒரு பழைய விளக்குமாற்றோடு வந்தார். புதுக் குச்சி வைத்தால் பச்சையாகத் தனித்துத் தெரியுமாம். அதிலிருந்து நிறம் ஒத்துப்போகிற ஒன்றைத் தேடி ஒடித்து, கழுவி, தேய்த்து, பெட்டியைத் திறந்து பத்தாவதாக வைத்தார். பிறகு கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டினார். நான் திரும்ப எண்ணும் வரை பார்சல் கட்டவில்லை. அதற்குத் தனியாகக் காசு வாங்கவும் இல்லை.

மொத்தம் 2,150 ரூபாய். பலகை 900, தகடும் பொருத்துவதும் 450, எழுத்து 450, பெட்டி 350. பதினொரு பள்ளிகளில் இருபத்து நாலு பேர் ஆளுக்கு நூறு போட்டது, மிச்சத்தில் மாலை வாங்கினோம். ஜிபே வாங்குகிறார்கள், ரசீது கையால் எழுதித் தருகிறார்கள். பார்சல் நன்றாகக் கட்டுகிறார்கள். ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், ஒரு கீறல் இல்லை. ஆகஸ்ட் பிற்பாதியில் ஆசிரியர் தினக் கூட்டம் அதிகம் என்றார்கள். கையால் வெட்ட வேண்டுமென்றால் ஜூலையிலேயே சொல்லிவிடுங்கள், அவர்கள் சொல்லும் நாளோடு ஒரு வாரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

விழாவில் வட்டாரக் கல்வி அலுவலர் ஷீல்டைக் கொடுத்தார். 2007-இல் அட்டைகளை வைத்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது அந்த அட்டைகளை அடுக்கியவர், 2022-இல் சின்ன வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது 57 வயதில் கையில் பொம்மை மாட்டிக்கொண்டு பயிற்சியில் கதை சொன்னவர், பெரிய டீச்சர். மேடையில் பேசச் சொன்னால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டார். ஷீல்டை வாங்கி வாசித்தார். பிறகு நான் நினைத்தபடியே உதடு அசைய எண்ணினார். பத்து வரைக்கும் போய் நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடினார்.

விழா முடிந்து பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, “இதப் பிரிக்க முடியாதா டீச்சர்?” என்று கேட்டான். பெரிய டீச்சர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பசை போட்டு ஒட்டியது, எங்கே திறப்பது? “ஆமாடா, பிரிக்க முடியாத கட்டை வச்சு நான் என்ன பண்றது?” என்று என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் கடைக்குப் போன் செய்தேன், நல்லவேளை எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். “அட, அது எனக்குத் தோணலையே டீச்சர். கொண்டாங்க, கண்ணாடிக்குக் கீல் வச்சுத் தர்றேன்” என்றார். வருகிற சனிக்கிழமை பெரிய டீச்சரும் கூட வருகிறேன் என்றிருக்கிறார். நூலை எப்படிக் கட்ட வேண்டும் என்று அவரிடம் நேரில் சொல்ல வேண்டுமாம்.